ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(யூபிலி விழாவையொட்டிக் கல்லிடைக்குறிச்சியில் கூடிய சங்கங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலி என்றதும் நமக்குக் கொடியும் தோரணமும் மலர் வெளியீடும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பழைய ஏற்பாட்டின் லேவியர் ஆகமத்தில் யூபிலி ஆண்டு என்பது கணக்குத் தீர்க்கும் ஆண்டு. கடன்பட்டு நிலத்தை இழந்தவன் அதைத் திரும்பப் பெற வேண்டும். அடிமையானவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆகவே யூபிலி மேடையில் கணக்கைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

"தொண்டு நிறுவனங்களின் நிர்வாகமும் கூட்டுப் பணியும்" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்பு பெரிது. நான் சொல்ல வந்தது சிறிது. பணப்பை அவரவரிடமே இருக்கட்டும். பட்டியல் ஒன்றாக இருக்கட்டும். கணக்கு எல்லோர் காதிலும் விழட்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நல்ல மனம் இருந்தும் பயனில்லை என்பதையே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கடைமடையின் நியாயம்

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குப் பங்கீட்டைப் பற்றி வேறு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கோடைமேலழகியானில் தொடங்கி, நதியுண்ணி, கன்னடியன் என்று இறங்கி, மருதூரையும் கடந்து, கடைசியில் ஸ்ரீவைகுண்டத்தில் முடிகின்றன. மேலே இருப்பவன் தன் மடையை இஷ்டம்போல் திறந்துகொண்டால் கீழே இருப்பவன் வயல் காய்ந்துவிடும். மேலே இருப்பவன் கெட்டவன் என்பதல்ல. கடைமடை அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதனால்தான் நம் முன்னோர் முறை வைத்தார்கள், மடைக்கு ஆள் வைத்தார்கள், கால்வாய் தூர்வாருவதற்கு ஊரைக் கூட்டினார்கள்.

தருமமும் தண்ணீரைப் போன்றதே. அது பாதையோரத்தில் இருப்பவனுக்கு இரண்டு தரம் பாயும். உள்ளே சந்தில் இருப்பவனுக்கு ஒரு தரமும் பாயாது.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை இளைஞர்களே கண்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலிச் சந்திப்பே நீரில் நின்றது. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அருகே புதுக்குடி மக்கள் தங்களுக்கே வெள்ளம் என்ற நிலையிலும், வீட்டிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். எந்தச் சங்கமும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. முதல் நாளில் அக்கம்பக்கத்தார்தான் காப்பாற்றுவார்கள். அதற்குத் தீர்மானமும் வேண்டாம், நிர்வாகமும் வேண்டாம்.

ஆனால் மூன்றாம் நாள் வருகிறது. லாரிகள் வருகின்றன. வெளியூரிலிருந்து நல்லவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். யாருக்கு என்ன கொடுப்பது, யார் கொடுப்பது, யாரைக் கேட்டுக் கொடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. நிர்வாகம் என்பது அந்த மூன்றாம் நாளின் வேலை.

நாகப்பட்டினம் கற்பித்தது

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலர் கரையிலேயே உயிர் துறந்தனர்.

அடுத்த சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகையில் வந்து குவிந்தன. அவர்களுடைய எண்ணத்தில் குறை காண முடியாது. நடந்தது என்ன? பழைய துணிகள் மலைமலையாகச் சாலையோரங்களில் கிடந்தன. மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. தொடவும் வேண்டாம் என்பதே அவர்கள் தன்மானம். துணிக் குவியலை அள்ளி அப்புறப்படுத்துவது நகராட்சி ஊழியர்களுக்குத் தனி வேலையாயிற்று. அதே சமயத்தில் உள்ளே தள்ளியிருந்த குக்கிராமங்களில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் கைக்கு ஒன்றும் வராமல் காத்திருந்தன.

இந்த நிலையில், 2005 ஜனவரி தொடக்கத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், நாகை மீனவப் பெண்களிடையே பணிபுரிந்துவந்த சினேகா நிறுவனமும் சேர்ந்து, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு, தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை ஏற்படுத்தின. அந்த மையத்துக்கு யார்மீதும் அதிகாரம் கிடையாது. "நீ இங்கே போகாதே" என்று ஒருவரையும் தடுக்க முடியாது. கொடுப்பதற்குப் பெரிய பணமும் அதனிடம் இல்லை. பின்னே என்னதான் இருந்தது? தகவல் இருந்தது. எந்த ஊரில் எத்தனை குடும்பம், எங்கே யார் வேலை செய்கிறார்கள், எங்கே இன்னும் ஒருவரும் போகவில்லை என்ற விவரம் இருந்தது. புதிதாக வந்த நிறுவனம் முதலில் அங்கே வந்து கேட்டது. தங்குமிடம், நலவாழ்வு, தொழில் என்று துறைவாரியாக உட்கார்ந்து பேசினார்கள். மாவட்ட அதிகாரிகளும் மக்களிடம் சேர வேண்டிய செய்தியை அங்கே சொன்னார்கள்.

வீடு கட்டுவதில் அரசும் இதே முறையைக் கைக்கொண்டது. 2005 மார்ச் 30ஆம் தேதிய அரசாணை 172இன்படி, இன்ன ஊரில் இத்தனை வீடு, கட்டுவது இன்னார் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அங்கே வேலை பங்கிடப்பட்டது.

படகு விஷயத்தில் அந்த ஒழுங்கு போதவில்லை. கட்டுமரம் இழந்தவனுக்கு ஃபைபர் படகு கொடுத்தால் புகைப்படம் நன்றாக விழும். ஆகவே எல்லோரும் படகு கொடுக்க முந்தினார்கள். முன்பு இருந்ததைவிடப் படகுகள் பெருகி, கடலுக்குக் கொண்டுபோக ஆள் சேர்ப்பதே கஷ்டமான ஊர்களும் உண்டாயின. வலை பின்னிய பெண்ணுக்கும், கருவாடு விற்ற பாட்டிக்கும், உப்பளத்தில் கூலிக்குப் போனவனுக்கும் கொடுக்க அத்தனை பேர் முந்தவில்லை. கொடுப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாவிட்டால், எல்லோரும் கண்ணில் படும் பொருளையே கொடுப்பார்கள்.

ஒருங்கிணைக்கும் தகுதி எங்கிருந்து வந்தது?

நூற்றுக்கணக்கான நிறுவனங்களை ஒரு மேசையில் உட்கார வைப்பது லேசான காரியமா? அந்தத் தகுதி ஒரே வாரத்தில் வந்ததா? இல்லை. அது நம் அண்டை மாவட்டமான கன்னியாகுமரிக் கடற்கரையிலும், திருவனந்தபுரம் கடற்கரையிலும் பல ஆண்டுகளாகப் பழகியது.

கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவில் 1970களில் கிராமந்தோறும் மீனவர் சங்கங்கள் எழுந்தன. அதுவரை மீனவன் பிடித்த மீனுக்கு விலை சொன்னவன் கடன் கொடுத்த வியாபாரியே. சங்கம் செய்தது மூன்று காரியம். மீனைக் கரையிலேயே சங்கத்தின் பொறுப்பில் ஏலம் விட்டது. விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கடனுக்கும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்தது. உண்மையாகவே கடலுக்குப் போகிறவனைத் தவிர வேறு யாரும் அங்கத்தினராக முடியாது என்று விதி செய்தது. வியாபாரி எவ்வளவு நல்லவரானாலும் அங்கத்தினராகச் சேர முடியாது. ஏனென்றால் யாருக்காகச் சங்கமோ, அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

பிறகு கிராமச் சங்கங்கள் கூடி மாவட்டக் கூட்டமைப்பாயின. அவை சேர்ந்து 1980இல் தென்னிந்தியக் கூட்டமைப்பு உருவாயிற்று. மீன் விற்பதும் கடன் வசூலிப்பதும் கிராமத்தின் வேலை. கிராமத்துக் கணக்கைப் பார்வையிடுவது மாவட்டத்தின் வேலை. படகு கட்டும் தளம், எந்திரம் போன்ற பெரிய காரியங்கள் மேல் அமைப்பின் வேலை. கீழே செய்யக்கூடியதை மேலே இருப்பவர் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931இல் தம் சுற்றுமடலில் போதித்ததை, நம் கடற்கரை மீனவர்கள் நடைமுறையில் செய்து காட்டினார்கள் எனலாம்.

ஆக, கால் நூற்றாண்டு காலம் தங்களுக்குள் கணக்கு வாசித்துப் பழகியவர்களே, ஆபத்து வந்தபோது மற்றவர்களைக் கூட்டி உட்கார வைக்க முடிந்தது. தன் வீட்டுக் கணக்கை மூடி வைப்பவன் ஊரைக் கூட்டினால் யார் வருவார்?

பட்டியலை எழுதுவது யார்?

நாகையில் இன்னொரு பாடமும் உண்டு. மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து பலமானது. வந்த பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்து, எல்லாக் குடும்பத்துக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பாராட்டத் தக்கதே. ஆனால் ஊர்க் கணக்கில் குடும்பம் என்றால் வரி கொடுக்கும் ஆண்மகன். கணவனை இழந்தவள், தனியாக வாழ்பவள், பக்கத்துச் சேரியில் இருப்பவன் ஆகியோர் பல இடங்களில் அந்தக் கணக்கில் வரவில்லை. பங்கீடு சமம்தான், பட்டியல் சமமில்லை.

இது புதிய குறையல்ல. ஆதித் திருச்சபையிலேயே எழுந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு வந்தது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கோபிக்கவில்லை. சபையைக் கூட்டினார்கள். நற்பெயருள்ள ஏழு பேரைச் சபையே தேர்ந்துகொள்ளச் செய்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் கவனியுங்கள்: முடியப்பர் முதல் எல்லாமே கிரேக்கப் பெயர்கள்! எந்தப் பக்கத்திலிருந்து முறையீடு வந்ததோ, அந்தப் பக்கத்து மனிதரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டது. நிர்வாகத்தில் இதைவிடப் பெரிய பாடம் எதுவும் எனக்குத் தெரியாது.

நம் ஊருக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர்போன ஊர். மழை நாளில் அப்பளம் காயாது. காயாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. கூலிக்கு அப்பளம் போடும் பெண்ணின் வீட்டுச் சுவர் விழவில்லை, கூரையும் போகவில்லை. "வீடு இடிந்தவர்கள்" என்று நாம் எழுதும் பட்டியலில் அவள் பெயர் வராது. ஆனால் பத்து நாள் மழைக்கு அவள் வீட்டு அடுப்பு என்ன ஆகும்? நமத்துப்போன இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பீடித் தொழிலாளியின் நிலையும் அதுதான். பட்டியல் எழுதும் இடத்தில் அந்தப் பெண்ணே ஒருத்தி உட்கார்ந்திருந்தால், இதை மற்றவர்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.

சங்கத்துக்குள் ஒழுங்கு

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ஆம் ஆண்டினது. ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்கிறது. அப்போஸ்தலர்களுக்கும் ஏழு, அரசாங்கத்துக்கும் ஏழு! நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது; ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும்; வரவு செலவுக் கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பங்குகளுக்கோ 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமே, பங்குதோறும் பொருளாதாரக் குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சங்கங்கள் ஏன் நொடிக்கின்றன? பெரும்பாலும் திருட்டினால் அல்ல. ஒருவரே எல்லாவற்றையும் செய்வதால் நொடிக்கின்றன. அவர் நல்லவர், ஓடி ஓடி உழைப்பவர், கணக்கு முழுவதும் அவர் தலைக்குள் இருக்கும். அவர் படுத்துக்கொண்டால் சங்கமும் படுத்துக்கொள்ளும். அவரிடம் கணக்குக் கேட்டால், "இத்தனை வருஷம் உழைத்த என்னையா சந்தேகிக்கிறீர்கள்?" என்று மனம் நோவார். கணக்குக் கேட்பது சந்தேகம் என்று நினைக்கும்வரை எந்தச் சங்கமும் தேறாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. ஆற்றில் போட்டது திரும்பி வராது. ஆனாலும் அளக்கச் சொன்னார்கள். அளப்பது கொடுப்பவனின் மானத்தைக் காக்கிறது. எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டிய சின்னப்பர், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைத் தம்மோடு கூட்டிக்கொண்டதும் இதற்காகவே.

இதைக் கற்றுக்கொள்ள நாம் தூரம் போக வேண்டாம். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முறை பிறகு தமிழகமெங்கும் பரவியது. அந்தக் குழுக்களில் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வட்டமாக உட்காருகிறார்கள். சேமிப்பு எல்லார் கண்ணெதிரிலும் எண்ணப்படுகிறது. கடன் யாருக்கு, எதற்கு என்று உரக்கப் பேசித் தீர்மானிக்கிறார்கள். நம் ஆண்களின் சங்கங்களுக்கு, நம் தாய்மார்களின் குழுவே பள்ளிக்கூடம்.

கூட்டு என்றால் கரைந்துபோவதல்ல

"எல்லோரும் சேர்ந்தால் எங்கள் சங்கத்தின் பெயர் என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயருக்காகத்தான் பலர் கொடுக்கிறார்கள். அதை இகழ வேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபை அப்படியே இருக்கட்டும். இளைஞர் மன்றம், வியாபாரிகள் சங்கம், ஜமாத், கோயில் கமிட்டி, பள்ளியின் பழைய மாணவர் சங்கம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடிக்கும் கை அவரவர் கைதான். இழுக்கும் திசை மட்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

பணத்தை ஒரே பையில் போடச் சொன்னால் அன்றே சண்டை வரும். சில இடங்களில் சட்டமும் இடம் கொடாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டிலிருந்து நன்கொடை பெறும் நிறுவனம் அதை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவும் நூற்றுக்கு ஐம்பது என்றிருந்தது இருபதாகக் குறைக்கப்பட்டது. முன்பு பெரிய சங்கம் வாங்கிச் சிறிய சங்கங்களுக்குப் பகிர்ந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது. ஆனால் பட்டியலைப் பகிர எந்தச் சட்டத்திலும் தடையில்லை. "இந்தத் தெருவை நீங்கள் பாருங்கள், அந்தத் தெருவை நாங்கள் பார்க்கிறோம்" என்று பேசிக்கொள்ளவும் தடையில்லை. அதற்குக் காசும் செலவில்லை. கொஞ்சம் கௌரவம் மட்டுமே செலவாகும்.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமே" என்று சொல்பவர்களும் உண்டு. அரசாங்கம் பார்க்க வேண்டும். பார்க்கச் செய்யவும் வேண்டும். ஆனால் தாசில்தார் அலுவலகத்துக்கு ஐந்து சங்கங்கள் ஐந்து விதமான பட்டியலோடு போனால், ஐந்தும் ஓரமாகப் போகும். ஒரே பட்டியலில் ஐந்து கையெழுத்து இருந்தால் அதை எளிதில் தள்ள முடியாது.

மழைக்கு முன்னே

ஆகவே, ஐப்பசி மழைக்கு முன்னே செய்து முடிக்க நான்கு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஊரிலுள்ள எல்லாச் சங்கங்களும், சாதி மதம் பாராமல், சங்கத்துக்கு இருவராக மாதம் ஒரு முறை கூட வேண்டும். அந்த இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தலைமை மாதத்துக்கு ஒரு சங்கமாகச் சுற்றி வரட்டும்.

இரண்டாவது, தெருவாரியாக ஒரே பட்டியல் எழுத வேண்டும். தனியாக வாழும் முதியவர், நடக்க முடியாதவர், கைக்குழந்தை உள்ள வீடு, மழை வந்தால் கூலி நிற்கும் வீடு எல்லாம் அதில் வர வேண்டும். எழுதிய பிறகு அந்தந்தத் தெருவிலேயே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஆனால் ஏழையின் கஷ்டத்தைச் சுவரில் ஒட்டி விளம்பரப்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, கொடுத்ததை அன்றன்றே அந்தப் பட்டியலில் குறிக்க வேண்டும். கொடுத்தவர் பெயரையும் எழுதுங்கள், அவர்களுக்கும் மகிழ்ச்சி.

நான்காவது, ஒவ்வொரு சங்கமும் தன் ஆண்டுக் கணக்கைத் தன் அங்கத்தினர் முன்னிலையில் உரக்க வாசிக்க வேண்டும். நிதி கொடுத்தவர் மட்டுமல்ல, உதவி பெற்றவரும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கும் உரிமை பெற வேண்டும்.

அன்பார்ந்தவர்களே! கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுவதைத் தினமும் பார்க்கிறோம். தலைமடையில் நிற்பவனுக்கு அது நிறைந்தே தெரியும். நிறைந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியவன் கடைமடைக்காரன். நம் தருமம் போய்ச் சேர்ந்ததா என்பதையும் நாம் சொல்லிக்கொள்ள வேண்டாம். எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் இதுவரை பெயர் இல்லாத அந்த ஒருவர் சொல்லட்டும். இந்த யூபிலி ஆண்டில் அவருடைய பெயரைத் தேடி எழுதுவோமாக.